ஹெருன் சான்: ஓர் அந்நிய உபாத்தியாயரும் அவருடைய சிநேகிதர்களும்

ஜப்பானின் மேற்குக் கரையிலே, இசுமோ என்னும் பழைய நாட்டின் கோட்டை நகரமாகிய மாட்சுவேயின் நடுத்தரப் பள்ளிக்கு 1890ஆம் ஆண்டில் ஆங்கிலம் கற்பிக்க வந்த ஓர் அந்நிய உபாத்தியாயரின் பெயர், மாகாண அரசாங்கத்தோடு அவர் செய்துகொண்ட ஒப்பந்தப் பத்திரத்தில் 'ஹெருன்' என்று பதிவாகியிருந்தது. லாஃப்காடியோ ஹெர்ன் என்பதே அவருடைய பெயர். ஆங்கில எழுத்துக்களைப் பார்த்து உச்சரிப்பை ஊகித்த யாரோ ஒருவருடைய கைப்பிழை அது. ஆயினும் அவர் அதைத் திருத்தச் சொல்லவில்லை. மாணவர்களும் அண்டை அயலாரும், பின்னாளில் அவருடைய மனைவியுங்கூட, நம் 'அவர்கள்' போன்றதொரு மரியாதைச் சொல்லைச் சேர்த்து 'ஹெருன் சான்' என்றே அவரை அழைத்து வந்தார்கள். பதினான்கு ஆண்டு ஜப்பானிய வாசத்தில் அந்நாட்டைப் பற்றி ஒரு டஜனுக்கு மேற்பட்ட நூல்களை எழுதி, மேல்நாட்டார் பலருக்கு ஜப்பானை முதன்முதல் அறிமுகம் செய்துவைத்தவர் என்று புகழ் பெற்ற இந்த மனிதர், கடைசிவரை ஒரு ஜப்பானியப் புத்தகத்தைத் தாமே எடுத்துச் சரளமாக வாசிக்க வல்லவராக இருக்கவில்லை என்பது, அவரைக் கற்கப் புகுவோர் முதலில் மனத்திற் கொள்ளவேண்டிய விஷயமாகும்.

வாசிக்கத் தெரியாத ஒருவர் அந்த நாட்டின் கதைகளையும் நம்பிக்கைகளையும் எவ்வாறு அறிந்தார்? இக்கேள்விக்கு அவருடைய மேதையை விடையாகச் சொல்லிவிட்டு மேலே போவதே பெரும்பாலும் வழக்கமாயிருந்து வருகிறது. அவருடைய அன்றாட வாழ்க்கையையும், அதிலே வந்து கலந்த சிநேகிதர்களையும், நூல்களின் சமர்ப்பணப் பக்கங்களையும், கடிதங்களையும், அவருடைய மனைவி செட்சு சொல்லிவைத்த நினைவுகளையும் ஒருங்கே வைத்து ஆராய்ந்தால், அந்த நூல்கள் ஒரு சிநேக வட்டத்தின் கூட்டு விளைச்சல் என்பது புலனாகும். ஹெர்ன் எங்கெங்கே பிறருடைய உதவியின்றி ஒரு நாளும் கழிக்க முடியாதவராக இருந்தாரோ அங்கெல்லாம் அவருக்குச் சிநேகம் தழைத்தது. பதவியும் சம்பளமும் உயர்ந்து, அவ்வுதவியின் தேவை குறைந்தபோது சிநேகமும் குறைந்தது. இதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வந்த வழி

ஹெர்ன் 1850ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் தேதி, கிரேக்கத் தீவுகளில் ஒன்றான லெஃப்கடாவில் பிறந்தார். தகப்பனார் பிரிட்டிஷ் ராணுவத்தில் வைத்தியராயிருந்த ஐரிஷ்காரர்; தாயார் கிரேக்கப் பெண்மணி. இரண்டு வயதிலே டப்ளினுக்குக் கொண்டு போகப்பட்டு, பெற்றோர் பிரிந்தபின் தகப்பனாருடைய தாயின் சகோதரி ஒருத்தியின் ஆதரவில் வளர்ந்த அவர், பள்ளிப் பருவத்தில் ஏற்பட்ட ஒரு விபத்தில் இடக்கண் பார்வையை இழந்தார். எஞ்சிய வலக்கண்ணும் கடுமையான கிட்டப்பார்வையுடையது. பத்தொன்பதாம் வயதில் கையில் காசின்றி அமெரிக்கா சேர்ந்து, சின்சினாட்டியிலும் நியூ ஆர்லியன்ஸிலும் பத்திரிகை நிருபராக ஜீவித்து, மேற்கிந்தியத் தீவான மார்ட்டினிக்கில் இரண்டாண்டு கழித்து, 1890 ஏப்ரல் 4ஆம் தேதி யோகஹாமாத் துறைமுகத்தில் வந்து இறங்கினார். அவரை ஜப்பானுக்கு அனுப்பிய பதிப்பகத்தாரோடு சில வாரங்களிலேயே மனஸ்தாபம் உண்டாகி உறவு முறிந்துபோகவே, உடனடியாக ஓர் உத்தியோகம் தேடவேண்டிய நிர்ப்பந்தம் ஏற்பட்டது.

அக்காலத்து ஜப்பானில் அந்நிய உபாத்தியாயர் என்பது ஒரு புதுமையன்று. மெய்ஜிச் சக்கரவர்த்தியின் அரசாங்கம் மேல்நாட்டுச் சாஸ்திரங்களைத் துரிதமாகக் கற்றுக்கொள்ளும்பொருட்டு, எஞ்சினீயர்களையும் வைத்தியர்களையும் சட்ட நிபுணர்களையும் ஆசிரியர்களையும் பெரும் சம்பளத்துக்கு வரவழைத்து, காரியம் முடிந்ததும் மரியாதையாக வழியனுப்பி வந்தது. வந்தவர்களில் பலர் துறைமுக நகரங்களில் தங்கள் இனத்தாரோடு கூடி வாழ்ந்து, ஒப்பந்தம் தீர்ந்ததும் கப்பலேறினார்கள். டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக் கழகத்தில் பேராசிரியராயிருந்த பாசில் ஹால் சேம்பர்லேனும், நியூ ஆர்லியன்ஸ் கண்காட்சியில் ஹெர்னை முன்பே சந்தித்திருந்த கல்வி இலாகா அதிகாரி ஹட்டோரி இச்சிசோவும் முயன்று அவருக்குத் தேடித் தந்த இடமோ, துறைமுகங்களுக்கும் வெள்ளையர் கிளப்புகளுக்கும் வெகு தூரத்தில், மலைகளுக்கு அப்பால் ஒதுங்கிக் கிடந்த மாட்சுவே. மாதச் சம்பளம் 100 யென். உள்ளூர் ஆசிரியர்கள் வாங்கிய சம்பளத்தைப் போல் அது பன்மடங்கு.

மாட்சுவேயில் ஓராண்டு

1890 ஆகஸ்டு 30ஆம் தேதி மாட்சுவே சேர்ந்த ஹெர்ன், நகரத்தை ஊடறுத்து ஷின்ஜி ஏரியிலிருந்து ஓடும் ஓஹாஷி ஆற்றின் கரையில் ஒரு சத்திரத்தில் தங்கினார். விடியற்காலையில் படுக்கையில் கிடந்தபடியே அவர் கேட்ட ஓசைகள் ஜப்பானைப் பற்றி அவர் எழுதிய முதல் நூலில் இடம்பெற்றிருக்கின்றன. அரிசி குத்தும் உலக்கையின் ஓசை, கோயில் மணியின் நாதம், காய்கறி விற்பவர்களின் கூவல், உதிக்கும் சூரியனை நோக்கி ஆற்றங்கரையில் நின்று கைதட்டி வணங்குவோரின் கையொலி, பாலத்தின்மேல் விரையும் நூற்றுக்கணக்கான மரச் செருப்புகளின் தாளம் ஆகிய இவையெல்லாம், பார்வை குன்றிய மனிதர் காதாலேயே ஓர் ஊரை எவ்வளவு நுட்பமாக அறிந்துகொள்ளக்கூடும் என்பதற்குச் சான்றாகும்.

பள்ளியின் உதவித் தலைமையாசிரியராயிருந்த நிஷிதா சென்டாரோ, ஹெர்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர், ஆங்கிலத்தில் நல்ல தேர்ச்சியுடையவர், மார்பு நோயாளி. எந்த வகுப்பில் எந்தப் புத்தகம் என்பது முதல், எந்த அதிகாரிக்கு எவ்வளவு குனிந்து வணங்குவது என்பது வரையில் ஹெர்னுக்குக் கற்பித்தவர் அவரே. மாகாண கவர்னர் கோட்டேடா யசுசடாவிடம் அழைத்துச் சென்று மொழிபெயர்த்தவரும் அவரே. ஜப்பானின் மிகப் பழைய ஆலயங்களுள் ஒன்றான இசுமோ பெருங்கோயிலுக்குச் செப்டம்பர் மாதத்தில் ஹெர்ன் சென்றபோது, அதுவரையில் எந்த மேல்நாட்டாருக்கும் கிட்டாத மூலஸ்தானப் பிரவேசம் அவருக்குக் கிட்டியதற்கு, நிஷிதா முன்னதாக எழுதி அனுப்பிய அறிமுகக் கடிதம் பெரிதும் காரணமாயிருந்தது. இவ்வாறு பார்த்தால், மாட்சுவேயில் மாணவர்க்கு ஆசிரியராக அமர்ந்த ஹெர்ன், தமக்கு ஓர் ஆசிரியரைப் பெற்றார் என்றே சொல்ல வேண்டும். கற்பிப்பவரும் கற்பவரும் நாள்தோறும் இடம் மாறிக்கொண்ட அந்த உறவிலே உயர்வு தாழ்வு நிலைகொள்ள இடமில்லாமற் போயிற்று.

நடுத்தரப் பள்ளியோடு ஆசிரியப் பயிற்சிப் பள்ளியிலும் ஹெர்ன் பாடம் நடத்தினார். பின்னது ஏறக்குறைய ஒரு ராணுவப் பாசறை போன்ற கட்டுப்பாட்டோடு நடந்தது. முன்னதில் பிள்ளைகள் சற்றுத் தாராளமாக மூச்சுவிட்டார்கள். ஒரு பழமையான விஷயத்தைக் கொடுத்து ஆங்கிலத்தில் வியாசம் எழுதச் சொல்வதும், அவர்கள் எழுதிய தப்பும் தவறுமான வாக்கியங்களுக்குள்ளே ஒளிந்திருந்த கருத்துக்களை அறிந்து வியப்பதும் அவருக்கு வழக்கமாயின. இலக்கணப் பிழையைத் திருத்தும் ஆசிரியர் கருத்தையும் சேர்த்துத் திருத்தப் புகுவது அந்நிய நாட்டில் எளிதில் நேரக்கூடிய அபசாரம். ஹெர்ன் அதைச் செய்யவில்லை. சக்கரவர்த்தியின் படத்துக்கு வணக்கம் செலுத்துவது காட்டுமிராண்டித்தனம் என்று முன்னொரு அந்நிய ஆசிரியர் பழித்ததாகப் பிள்ளைகள் மனவருத்தத்தோடு சொன்னபோது, தங்கள் முன்னோர் வழக்கத்தைப் பேணுவதே அவர்கள் கடமை என்று அவர் எடுத்துரைத்தார். இச்செய்தி பிள்ளைகள் வாயிலாக வீடுகளுக்கும், வீடுகள் வாயிலாக ஊருக்கும் பரவியிருக்கும் என்று ஊகிப்பதில் தவறில்லை.

பிள்ளைகள் அவருடைய வீட்டைத் தேடி வரத் தொடங்கினார்கள். நாலைந்து பேராக வந்து, வணங்கி, பாயில் மண்டியிட்டு அமர்ந்து, கொடுத்த தேநீரையும் பலகாரத்தையும் அடக்கமாக உண்டு, சில சமயம் ஒரு வார்த்தையும் பேசாமலே நெடுநேரம் இருந்துவிட்டுப் போவார்கள். தங்கள் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகப் போற்றி வந்த சித்திரச் சுருளையோ, தோட்டத்தில் பூத்த மலரையோ அவருக்குக் காட்டுவதற்காகக் கொண்டு வருவதும் உண்டு. அந்த மௌனமும் ஒருவகைச் சம்பாஷணையே என்பதை மெல்ல மெல்ல அவர் அறிந்துகொண்டார்.

அம்மாணவர்களுள் ஒருவன் யோகோகி. தச்சரின் மகனாகிய அவன், வகுப்பிலே முதல்வர்களில் ஒருவனாயிருந்து, நோயுற்றுப் படுக்கையில் விழுந்தான். மரணம் நெருங்கிய ஓர் இரவில், பள்ளிக்கூடத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று அவன் கேட்க, பணியாள் அவனை முதுகில் சுமந்து குளிரிலே பள்ளிவரை கொண்டுபோய், இருட்டில் நின்ற கட்டடத்தைக் காட்டிக் கொண்டுவந்தானாம். தன் வகுப்பறையின் ஜன்னலைத் தேடிய அந்தப் பிள்ளையின் கதையை ஹெர்ன் எழுதியிருக்கும் முறையில், வருணனைக்குப் பேர்போன அவருடைய வழக்கமான அலங்காரங்கள் எல்லாம் உதிர்ந்து போயிருப்பதைக் காணலாம்.

வீடும் மொழியும்

அவ்வாண்டுப் பனிக்காலம் மிகக் கடுமையாயிருந்தது. வெப்ப நாடுகளில் பழகிய ஹெர்ன் நோய்வாய்ப்பட்டார். கவர்னரின் குமாரத்தி அவருடைய நோய்ப் படுக்கைக்கு ஆறுதலாக உகுயிசு என்னும் பாடும் பறவையை அனுப்பினாள். தனியே கிடக்கும் மனிதரைப் பேணுவதற்கு ஆள் தேவை என்று கண்ட நிஷிதாவின் ஏற்பாட்டின்படி, 1891ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கொய்சுமி செட்சு என்ற இருபத்து மூன்று வயதுப் பெண்மணி அவருடைய வீட்டுக்கு வந்தார். மெய்ஜிப் புரட்சிக்குப் பின் வாழ்விழந்த சாமுராய்க் குடும்பங்களுள் ஒன்று அவருடையது. முதல் கணவரால் கைவிடப்பட்டவர். நெசவு செய்து குடும்பம் காத்தவர். வீட்டைக் கவனிக்க வந்தவர் இல்லாளாகவே ஆனார். அவ்வாண்டுக் கோடையில் கோட்டை அகழியை அடுத்திருந்த ஒரு பழைய சாமுராய் வீட்டுக்கு இருவரும் குடிபோனார்கள். தவளைகளும் தாமரைக் குளமுமாக அந்த வீட்டுத் தோட்டத்தில் அவர் வாழ்ந்தது ஏறக்குறைய ஐந்து மாதமே. ஆயினும் இன்றும் அவர் பெயரால் காக்கப்பட்டு வருவது அந்த வீடுதான்.

கணவருக்கு ஜப்பானிய மொழி தெரியாது. மனைவிக்கு ஆங்கிலம் தெரியாது. செட்சு ஆங்கிலச் சொற்களை, தம் காதில் விழுந்த இசுமோ உச்சரிப்பில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக் கற்க முயன்றார். அது நெடுநாள் செல்லவில்லை. அதற்குப் பதிலாக, வேற்றுமை உருபுகளை உதிர்த்து, வினைகளைத் திரிக்காமல் அப்படியே வைத்து, சொற்களை ஆங்கில வாக்கிய முறையில் அடுக்கிய ஒரு நொண்டி ஜப்பானிய பாஷை அவ்விருவருக்கிடையே பிறந்தது. 'ஹெருன் சான் மொழி' என்று குடும்பத்தார் அதற்குப் பெயரிட்டார்கள். ஹெர்ன் பின்னாளில் யாயிசுக் கடற்கரையிலிருந்து மனைவிக்கு எழுதிய கடிதங்கள் இந்த மொழியிலேதான் அமைந்திருக்கின்றன. உலகத்தில் இரண்டே பேர் முழுமையாகப் பேசிய ஒரு மொழியில், பழைய ஜப்பானின் பேய்க் கதைகள் அத்தனையும் சொல்லப்பட்டன என்பது ஆராய்ச்சியாளர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய அம்சம்.

கதை சொல்லும் முறையைச் செட்சு தம் நினைவுக் குறிப்பில் விளக்கியிருக்கிறார். பழைய புத்தகக் கடைகளில் தேடி நூல்களை வாங்கி வந்து, முதலில் தாம் படித்துக்கொள்வார். இரவிலே விளக்கைத் தணித்துவிட்டுக் கதையைத் தொடங்குவார். புத்தகத்தைப் பார்த்து வாசிக்கலாகாது, மனைவியின் சொந்த வார்த்தையிலே, சொந்த எண்ணத்திலே சொல்லவேண்டும் என்பது ஹெர்ன் விதித்த நிபந்தனை. கதையில் வரும் ஒரு வார்த்தையை எந்தக் குரலில் சொல்லியிருப்பார்கள், அப்பொழுது இரவு எவ்வாறிருந்திருக்கும் என்றெல்லாம் அவர் திரும்பத் திரும்ப வினவுவாராம். காது அறுபட்ட குருட்டுப் பாடகன் ஹோயிச்சியின் கதையை அவர் எழுதிக்கொண்டிருந்த நாளில், விளக்கேற்றாத அந்தி நேரத்தில் செட்சு அடுத்த அறையிலிருந்து அந்தப் பாடகனின் பெயரைச் சொல்லி மெல்ல அழைக்க, நான் குருடன், அழைப்பது யார் என்று ஹெர்ன் உள்ளிருந்து பதில் கொடுத்துவிட்டுப் பிறகு மௌனமாகிவிட்டாராம். 1904இல் வெளிவந்து உலகப் பிரசித்தி பெற்ற 'குவைதான்' என்னும் கதைத் தொகுதி இவ்வாறுதான் உருவாயிற்று.

பிரிவும் தனிமையும்

மாட்சுவேயின் குளிரைத் தாங்கமாட்டாமலும், செட்சுவைச் சார்ந்த பெரிய குடும்பத்தைத் தாங்கவேண்டிய பொறுப்பை முன்னிட்டும், ஹெர்ன் 1891 நவம்பரில் கியூஷு தீவிலுள்ள குமாமோட்டோவின் ஐந்தாவது உயர்நிலைக் கல்லூரிக்கு 200 யென் சம்பளத்தில் மாறிப்போனார். ஊரை விட்டுப் புறப்படும்பொழுது ஆசிரியர்கள் பெரிய பூஜாடிகளையும், மாணவர்கள் ஒரு பழைய வாளையும் பரிசளித்தார்கள். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் வாந்திபேதி கண்டு சிலர் மாண்டுபோனதால் அப்பள்ளியார் விடைகொடுக்க வர இயலவில்லை. நடுத்தரப் பள்ளிப் பிள்ளைகள் விடியற்காலையிலேயே வீட்டுக்கு வந்து, சிறு நீராவிப் படகு நின்ற துறைவரை அவரோடு நடந்தார்கள். அவர் மாட்சுவேயில் இருந்தது மொத்தம் ஒன்றேகால் ஆண்டுக்கும் குறைவு.

குமாமோட்டோவில் சம்பளம் இரட்டிப்பாயிற்று, சிநேகமோ சுருங்கிற்று. ஜூடோ வித்தையை வகுத்தவரான கானோ ஜிகோரோ அக்கல்லூரியின் தலைவராயிருந்தார். மாணவர்கள் வயது வந்தவர்கள்; கடினமான உடலும் குறைந்த பேச்சும் உடையவர்கள்; ஆசிரியர் வீட்டுக்கு மாட்சுவேப் பிள்ளைகளைப்போல் நினைத்தபோது வருகிறவர்கள் அல்லர். ஆசிரியர் அறையில் ஒவ்வொருவரும் தத்தம் மேஜையில் புகைபிடித்துக்கொண்டு மௌனமாயிருப்பார்கள். இந்த மௌனம் மாட்சுவேப் பிள்ளைகளின் மௌனத்தைப் போன்றதன்று. ஹெர்ன் இடைவேளைகளில் கல்லூரிக்குப் பின்னாலிருந்த குன்றின்மேல் ஏறி, பழைய இடுகாட்டிலே மூக்குடைந்து வீற்றிருந்த ஒரு கல் புத்தருக்கருகில் அமர்ந்து பொழுது போக்குவார். அங்கே அவர் மனத்தை முற்றும் கவர்ந்த சகாவென்று சொல்லத்தக்கவர், சீன இலக்கியம் போதித்த முதியவர் அகிசுகி ஒருவரே. பழைய ஐசு நாட்டின் வீரராயிருந்து, தோல்வியையும் சிறையையும் கண்டு, பின் கன்பூசியரின் நூல்களைக் கற்பிக்கும் சாந்தமூர்த்தியாய் விளங்கிய அவர் பரிசுகளோடு தம் வீடு தேடி வந்ததை ஹெர்ன் ஒரு தெய்வத்தின் வருகையைப் போலவே வருணித்திருக்கிறார். இருவருக்கும் பொதுவான பாஷை ஏதும் இல்லை.

1893 நவம்பரில் மூத்த மகன் கசுவோ பிறந்தான். மறு ஆண்டு ஹெர்ன் கோபே நகரில் ஓர் ஆங்கிலப் பத்திரிகைக்கு எழுதப் போனார். கண் நோய் அவ்வேலைக்கு விரைவில் முற்றுப்புள்ளி வைத்தது. செட்சுவைச் சட்டப்படி தம் மனைவியாகப் பிரிட்டிஷ் முறையில் பதிவு செய்தால் அவரும் பிள்ளையும் அந்நியப் பிரஜைகளாகி, ஜப்பானிலுள்ள சொத்துரிமையை இழப்பார்கள். ஆகவே 1896இல் தாமே மனைவியின் குடும்பத்தில் சுவீகாரம் புகுந்து, கொய்சுமி யாகுமோ என்ற பெயரோடு ஜப்பானியப் பிரஜை ஆனார். 'யாகுமோ' என்பது இசுமோ நாட்டின் பழங்கவிதை மரபோடு ஒட்டிய சொல். தேசாபிமானத்தின் வெறியால் அவர் இதைச் செய்தார் என்று கூறுவது பொருந்தாது. குடும்பத்தைக் காப்பாற்ற நினைத்த ஒரு கிரகஸ்தரின் கணக்கு அது.

அதே ஆண்டில், டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த டோயாமா மசகாசுவின் அழைப்பின்பேரில், அங்கே 400 யென் சம்பளத்தில் ஆங்கில இலக்கிய விரிவுரையாளரானார். குறிப்பு எதுவும் கையில் இன்றி, மாணவர்கள் ஒவ்வொரு வார்த்தையையும் எழுதிக்கொள்ளத் தக்க நிதானத்தில் அவர் சொன்ன விரிவுரைகள், அம்மாணவர்களின் நோட்டுப் புத்தகங்களிலிருந்தே அவர் காலத்துக்குப்பின் அமெரிக்காவில் நூல்களாக வெளிவந்தன. பாடம் முடிந்ததும் அவர் ஆசிரியர் அறைக்குள் போகமாட்டார். சுருட்டுக் குழாயோடு பல்கலைக் கழகத் தோட்டத்துக் குளத்தைச் சுற்றி வருவார். அவருக்குப்பின் 1903இல் அதே இடத்துக்கு வந்த நட்சுமே சோசேகி, தம் 'சான்ஷிரோ' நாவலில் இந்த வழக்கத்தை ஒரு பாத்திரத்தின் வாய்மொழியாகப் பதிவு செய்திருக்கிறார். மாணவர்கள் கிளர்ச்சி செய்தும் பல்கலைக் கழகம் அவ்வாண்டு ஹெர்னின் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை.

சமர்ப்பணப் பக்கங்கள் கூறுவது

ஹெர்னின் சிநேக வட்டத்தை அளந்தறிய அவருடைய நூல்களின் சமர்ப்பணங்களைவிட நம்பகமான சாதனம் வேறில்லை. ஜப்பானைப் பற்றி 1894இல் வெளிவந்த முதல் நூல், யோகஹாமாவில் இருந்த அமெரிக்கக் கடற்படை அதிகாரி மிச்செல் மெக்டொனால்டுக்கும் சேம்பர்லேனுக்கும் உரியதாக்கப்பட்டது. 1895இல் வந்த 'அவுட் ஆஃப் த ஈஸ்ட்' இசுமோ நாட்களின் ஞாபகார்த்தமாக நிஷிதாவுக்குச் சமர்ப்பணம் செய்யப்பட்டது. அடுத்த ஆண்டு வந்த 'கொக்கொரோ', கிறிஸ்தவராகிப் பின் தம் பழைய மரபுக்கே திரும்பிய அமெனோமோரி நொபுஷிகே என்ற அறிஞருக்கு உரியதாயிற்று. இவர்களுள் சேம்பர்லேனோடு வைத்திருந்த சிநேகம் பெரும்பாலும் கடிதத்தில் வளர்ந்து, கடிதத்திலேயே வாடியது. சேம்பர்லேன் பிற்காலத்தில், ஹெர்னின் ஜப்பான் அவருடைய கற்பனையிலேதான் இருந்தது என்ற கருத்துப்பட எழுதி வைத்தார். மெக்டொனால்டோ கடைசிவரை மாறாமலிருந்து, ஹெர்ன் இறந்தபின் குடும்பத்தின் நலனைக் கவனித்தார்.

நிஷிதா 1897இல், முப்பத்து நான்காம் வயதில் காலமானார். அதற்குப்பின் ஒருநாள் டோக்கியோ வீதியில் பின்புறத் தோற்றத்தில் நிஷிதாவைப் போன்ற ஒருவரைக் கண்டு, தம் ரிக்‌ஷாவை விரைந்து செலுத்தச் செய்ததாக ஹெர்ன் வீட்டில் வந்து சொன்னாராம். பல்கலைக் கழகத்தில் ஆசிரியர் அறையைத் தவிர்த்து வந்த மனிதர், நடுத்தெருவில் ஒரு முதுகைக் கண்டு விரைந்தார் என்பதில் அவருடைய ஜப்பானிய வாழ்க்கையின் லாப நஷ்டக் கணக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது.

இந்தச் சிநேகங்களில் பணமும் கலந்திருந்தது என்பதை மறைப்பது ஆராய்ச்சிக்கு அழகன்று. மாட்சுவே மாணவன் ஒட்டானி மசனொபு டோக்கியோவுக்குப் படிக்க வந்தபோது, ஹெர்ன் அவனுக்கு மாதந்தோறும் உதவி செய்தார். அதற்கு ஈடாக அவன் கவிதைகளையும் பழமொழிகளையும் திரட்டி மொழிபெயர்த்துத் தந்தான். அந்தத் திரட்டுக்கள் பல கட்டுரைகளுக்கு ஆதாரமாயின. 1897 முதல் பல கோடைகளில் யாயிசு என்னும் செம்படவர் ஊரில், ஒட்டோகிச்சி என்ற மீன் வியாபாரியின் மாடியில் குடும்பத்தோடு தங்கிக் கடலில் நீந்துவது ஹெர்னின் வழக்கம். ஒட்டோகிச்சி வீட்டு மாடத்தில் ஒற்றைக் கண் வரையப்பட்ட தாருமா பொம்மை ஒன்று இருந்தது. தாருமாவுக்கு மறு கண்ணை, வேண்டுதல் பலித்த பின்பே வரைவது வழக்கம். ஹெர்ன் கணக்கைத் தாராளமாகத் தீர்த்துவிட்டுப் புறப்படும் வேளையில் பார்த்தபோது, தாருமாவுக்கு இரண்டு கண்ணும் திறந்திருந்தது. ஒற்றைக் கண்ணரான ஹெர்ன் இதைத் தாமே ஒரு கட்டுரையாக எழுதினார். கூலியும் அன்பும் ஒரே கையிலிருந்து வந்து ஒரே கையில் சேர்வதை அவர் அறிந்திருந்தார், ஒட்டோகிச்சியும் அறிந்திருந்தார், அதனால் இருவருக்கும் எந்தக் குறையும் நேர்ந்துவிடவில்லை.

நேர்ந்த குறை வேறிடத்தில் இருக்கிறது. 'குவைதான்' முகவுரையில் கதைகளுக்கு ஆதாரமான பழைய நூல்கள் குறிக்கப்படுகின்றன. பனிப் பெண்ணின் கதையைச் சொன்ன ஒரு குடியானவரும் குறிக்கப்படுகிறார். அந்நூல்களைத் தேடி, படித்து, இருட்டிலே அமர்ந்து தம் சொந்த வார்த்தையில் கூறிய செட்சுவின் பெயர் அங்கே இல்லை. அக்காலத்தில் மனைவியின் உழைப்பைத் தனியே குறிப்பிடும் வழக்கம் அருகியிருந்தது என்று சமாதானம் சொல்லலாம். எனினும், வாசிக்கத் தெரியாத ஆசிரியரின் நூலில் அவருக்காக வாசித்தவரின் பெயர் விடுபட்டது பெரிய விடுதலேயாகும். பழைய ஜப்பானின்மேல் கொண்ட மோகத்தால், தம் கண்முன்னே ரயிலும் தொழிற்சாலையும் படையுமாக வளர்ந்த புதிய ஜப்பானைப் பல சமயங்களில் அவர் வெறுப்போடு பார்த்தார் என்பதும் உண்மையே. தமக்குச் சிநேகமாய் வாய்த்தவர்களின் கண்ணால் அவர் நாட்டைக் கண்டார். அவர்களுள் பலர் பழைய சாமுராய்க் குடியில் தோன்றியவர்கள், இழந்ததை நினைத்து வாழ்ந்தவர்கள். அவருடைய பார்வையின் ஆழமும் குறுக்கமும் ஒரே ஊற்றிலிருந்து புறப்பட்டவை.

1904இல் ஹெர்ன் வாசேடா பல்கலைக் கழகத்தில் போதித்து வந்தார். அவ்வாண்டு செப்டம்பர் மாதத்தில், ஓக்குபோவிலிருந்த வீட்டுத் தோட்டத்துச் செர்ரி மரத்தின் ஒரு கிளையிலே பருவந்தப்பிச் சில பூக்கள் மலர்ந்தன. அதைக் கண்டு மகிழ்ந்த அவர், செப்டம்பர் 26ஆம் தேதி இரவு, மார்பு வலி மீண்டும் வந்துவிட்டதென்று மனைவியிடம் சொல்லிப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நான்கு குழந்தைகளுள் கடைசிப் பெண்ணுக்கு அப்பொழுது வயது ஒன்று.

பத்தாண்டு கழித்து, 1914இல், டனாபே ரியூஜி எழுதிய ஹெர்னின் சரித்திரத்திலே செட்சு சொன்ன நினைவுகளும் சேர்ந்து அச்சாயின. சத்திரத்துச் சிறுமியின் கண் நோய்க்கு வைத்தியம் பார்க்கவில்லையென்று கோபித்துக்கொண்டது, ஏரியில் பிள்ளைகள் முக்கி வதைத்த பூனைக்குட்டியை ஈரத்தோடு எடுத்துத் தம் அங்கிக்குள் மார்போடு அணைத்துக்கொண்டது, பக்கத்துக் கோயிலில் மூன்று தேவதாரு மரங்களை வெட்டினார்களென்று பல நாள் துக்கித்தது ஆகியவற்றை இன்று நாம் அறிவது அந்தப் பக்கங்களால்தான். அவற்றுக்கு ஆதாரமாகச் செட்சுவின் முன் எந்தப் புத்தகமும் இருக்கவில்லை. முன்பு இரவு தோறும் ஹெர்ன் கேட்டுக்கொண்டபடியே, தம் சொந்த வார்த்தையில், தம் சொந்த எண்ணத்தில் அவர் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார்.